மாத்திரையை எடை போடுறது யாரு?

எங்க பக்கம் 'மருந்து'ங்கிற ஒரே வார்த்தை ரொம்பப் பாடுபடும். பருத்திக்கு அடிக்கிறதும் மருந்துதான், ஆஸ்பத்திரியில கொடுக்கிறதும் மருந்துதான். "மருந்தைக் குடிச்சிட்டான்"னு யாராவது தெருவுல ஓடி வந்தா, எந்த மருந்துன்னு ஒருத்தரும் விளக்கம் கேட்க மாட்டாங்க. 108க்கு போன் போடுவாங்க.

வயலுக்கு வாங்குற மருந்தைப் பத்திக் கேள்வி கேட்கிறதுக்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018ல பெரம்பலூர், அரியலூர் பக்கமெல்லாம் மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்து குருத்தைத் தின்னு தீர்த்ததே, அப்போ மருந்துக்கடை வாசல்ல நின்னு நாங்க கேட்ட கேள்விகளை எழுதினா ஒரு நோட்டு நிறையும். டேங்குக்கு எத்தனை கிராம்? காலையில அடிக்கவா, வெயில் தாழ அடிக்கவா? இலை கருகுமா? தட்டையை மாட்டுக்கு எத்தனை நாள் கழிச்சுப் போடலாம்? டப்பாவைத் திருப்பி, முக்கோணம் சிவப்பா மஞ்சளா நீலமா பச்சையான்னு பார்க்கிறதுக்கு எழுதப் படிக்கத் தெரியணும்னுகூட இல்ல.

அதே ஆளுங்க மனநல டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நாலா மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"ன்னு மட்டும் கேட்டுட்டு பஸ் ஏறிடுறாங்க. மூணு மாசம் கழிச்சு மாத்திரையை யாருக்கும் சொல்லாம நிறுத்திடுறாங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். கேட்காம ஆரம்பிச்ச மருந்து சொல்லாம நின்னுபோகும்.

இதை எழுதுறதுக்குக் காரணம் என் அக்கா மகன். பேர் போடல. அவன்கிட்ட கேட்டுட்டு, அவன் "எழுதுங்க மாமா, ஊர் பேரு மட்டும் வேணாம்"னு சொன்ன பிறகுதான் எழுதுறேன். வயசு இருபத்தாறு. ஐடிஐ முடிச்சவன். அரியலூர் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியா ஃபிட்டர் வேலை பார்த்துக்கிட்டிருந்தான். அஞ்சு வருசத்துக்கு முன்னாடி, கூட வேலை பார்க்கிறவங்க தன்னைப் பத்தியே பேசுறாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சான். அப்புறம் ஆளே இல்லாத இடத்துலயும் பேச்சுக்குரல் கேட்டுச்சு. அந்தக் குரல் அவனைத் திட்டும். சில நாள் சாகச் சொல்லும். அக்கா வீட்டுக்காரர் தவறின பிறகு அக்கா எங்க ஊருக்கே வந்துட்டதால, இதெல்லாம் நான் பக்கத்துல இருந்து பார்த்தது.

முதல்ல என்ன நடந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். மந்திரிச்சாங்க, தாயத்துக் கட்டினாங்க. குணசீலம் பெருமாள் கோயில்ல ஒரு மண்டலம் தங்க வைக்கணும்னு பெரியவங்க சொன்னாங்க. எங்க பழைய திருச்சி ஜில்லா முழுக்க அது தலைமுறை தலைமுறையா உள்ள வழக்கம். சாமி கும்பிடுறதை நான் குறை சொல்லமாட்டேன், எனக்கும் சாமி உண்டு. ஆனா ஆறு மாசம் வீணாப் போகலாம்னு எந்தச் சாமியும் சொல்லல. கடைசியில டாக்டர் பார்த்து மனச்சிதைவுன்னு சொன்னார், ரிஸ்பெரிடோன் எழுதினார்.

தோட்டம் பார்க்க வர்ற சென்னை, கோயம்புத்தூர் நண்பர்கள்கிட்ட இந்த இடம் வரைக்கும் சொன்னா, பாதிப் பேர் ஒரே மாதிரி பதில் சொல்றாங்க. "கிராமத்துக் காத்து, நல்ல சாப்பாடு இருக்கே அண்ணே, அந்த இங்கிலீஷ் மாத்திரையை எதுக்குப் போட்டு உடம்பைக் கெடுக்கணும்?" நான் ரசாயன உரத்தைப் பாதியாக் குறைச்சவன், பஞ்சகவ்யம் கலக்கி அடிக்கிறவன், அதனால இதுலயும் அவங்க கட்சியில இருப்பேன்னு நம்பிடுறாங்க. நான் அந்தக் கட்சியில இல்ல. கிராமத்துக் காத்து அவனுக்குள்ள கேட்ட குரலை ஒண்ணும் பண்ணல.

மூலிகைன்னா பக்கவிளைவு இல்லைன்னு சொல்றதும் சரியில்ல. சர்ப்பகந்தின்னு ஒரு செடி. அதோட வேரை மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் கொடுக்கலாம்னு 1931லயே கல்கத்தாவுல கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ்னு ரெண்டு பேர் எழுதினாங்க. 1952ல அந்த வேர்ல இருந்து ரெசர்பின்னு ஒரு பொருளைப் பிரிச்சு எடுத்தாங்க. உலகம் முழுக்க மனநோய்க்குக் கொடுத்தாங்க. அப்புறம் அது ரத்த அழுத்தத்தை ரொம்ப இறக்குது, மனசைச் சோர்வுல தள்ளுதுன்னு ஒதுக்கிட்டாங்க. நம்ம மண்ணுல விளைஞ்ச வேர்தான் அது. உடம்புல ஒரு வேலை செய்யிற பொருள், வேண்டாத வேலையும் கொஞ்சம் செய்யத்தான் செய்யும். எருக்கம்பால் கண்ணுல பட்டவனைக் கேளுங்க.

மருந்து வேணாம்னு சொல்றவங்க தராசோட அடுத்த தட்டையும் பார்க்கணும். பாரிஸ்ல 1952ல குளோர்புரோமசின் வர்றதுக்கு முன்னாடி இந்த நோய்க்குன்னு நம்பிக் கொடுக்கிற மாதிரி மாத்திரை உலகத்துலயே கிடையாது. அடைச்சு வெச்சாங்க, கட்டிப் போட்டாங்க. மருந்து வந்து அம்பது வருசம் ஆன பிறகும் நம்ம தமிழ்நாட்டுல கட்டிப் போடுறது நிக்கல. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில தீப்பிடிச்சப்போ சங்கிலியோட கிடந்தவங்க 28 பேர் கருகிச் செத்தாங்க. அந்தச் சங்கிலிக்கும் பக்கவிளைவு இருந்துச்சு, எழுதி வைக்கத்தான் ஆள் இல்ல.

அதனால மருந்து வேணுமா வேணாமாங்கிறது எனக்குக் கேள்வி இல்ல. எந்த மருந்து, எவ்வளவு, யாருக்காக, இதுதான் கேள்வி. இதைத் தீர்மானிக்கிற இடத்துல சாப்பிடப்போறவன் இருக்கணும். பெரும்பாலும் அவன் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருக்கான், உள்ள அம்மாவும் மாமனும் பேசிக்கிட்டிருக்காங்க.

ரிஸ்பெரிடோன் ஆரம்பிச்சு ஆறேழு வாரத்துல குரல் குறைஞ்சது. அக்காவுக்கு ரொம்ப நிம்மதி. "பையன் அமைதியா இருக்கான் தம்பி"ன்னு சொல்லும். அவன் கை வீசி நடக்காம, தோள் இறுகிப்போய், பொம்மை மாதிரி நடந்தான். அதுக்குன்னு டிரைஹெக்ஸிஃபெனிடில்னு ஒரு துணை மாத்திரை கொடுத்தாங்க. இறுக்கம் கொஞ்சம் விட்டது, வாய் வறண்டது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சது. தெரியாத ஒண்ணு இருந்துச்சு.

ஒரு நாள் சாயங்காலம் பம்ப்செட்டுல எல்லாரும் குளிச்சுக்கிட்டிருந்தோம். அவன் மட்டும் சட்டையைக் கழட்டல. அடுத்த வாரமும் சட்டையோடதான். மாசி மாசம், குளிர்னும் சொல்ல முடியாது. தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் வாய்க்காலையே பார்த்துக்கிட்டிருந்துட்டு, "நெஞ்சு பொம்பளைப் பிள்ளைக்கு மாதிரி வீங்குது மாமா"ன்னான். ஆம்பளைங்கிற உணர்ச்சியே இல்லாமப் போச்சுன்னும் சொன்னான். இனிமே மாத்திரை முழுங்கப்போறதில்லைன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தான். முழுங்கற மாதிரி நாக்கு அடியில வெச்சுக்கிட்டு அப்புறம் துப்பப் பழகிட்டான்.

என் மக நர்சிங் படிக்கிறா. அவளுக்கு போன் போட்டேன். ரிஸ்பெரிடோன் சில பேருக்கு புரோலாக்டின்னு ஒரு ஹார்மோனை ஏத்திவிடும், பால் கொடுக்கிற தாய்க்குச் சுரக்கிறது அது, ஆம்பளைக்கும் மார்பு வீங்கலாம், பொம்பளைக்கு மாசவிலக்கு நின்னுபோகலாம், டாக்டருக்குத் தெரிஞ்ச விஷயம்தான்பா, சொன்னா மாத்துவாங்கன்னு சொன்னா. அவ சொன்ன மாதிரிதான் ஆச்சு. ரத்தத்துல அளவு பார்த்துட்டு டாக்டர் மருந்தை மாத்தினார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா"ன்னு அவனைக் கேட்டார். எனக்கு அந்த இடத்துல ஒரு வருத்தம். முன்னாடியே கேட்டிருக்கலாமே சார்னு தோணுச்சு. ஒரு இளவட்டப் பையன், அம்மா பக்கத்துல நிக்கும்போது, வெளியில நாப்பது பேர் காத்துக்கிட்டிருக்கும்போது, இதைத் தானா எப்படிச் சொல்லுவான்? அம்மாவைக் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லி ரெண்டு நிமிசம் கேட்டா போதும். இந்தக் கேள்வி கேட்கப்படாததால நின்னுபோன மாத்திரைகள் எத்தனையோ இருக்கும்.

இன்னொண்ணும் கவனிச்சேன். வீட்டுக்கு உறுத்துற பக்கவிளைவும், சாப்பிடுறவனுக்கு உறுத்துற பக்கவிளைவும் வேற வேற. தூங்கிக்கிட்டே இருந்தா வீட்டுக்கு அது குணம். அவனுக்கு அது ஒரு நாள் போச்சு. கை நடுங்கினா அக்கா பதறும். அவன், "நடுங்கினா நடுங்கட்டும், ஸ்பேனர் பிடிக்க முடிஞ்சாப் போதும்"பான். அவன் பயப்படுறது வேற எதுக்கோ. எச்சில் வழிய உட்கார்ந்திருக்கிறவனுக்கு எவன் பொண்ணு கொடுப்பான்னு ஒரு தடவை கேட்டான். அக்கா அழுதுட்டுது.

ரெண்டாவதா வந்தது ஓலான்சபின். இறுக்கம் இல்ல, நல்ல தூக்கம். ஆனா பசி, அப்படி ஒரு பசி. ராத்திரி பதினோரு மணிக்குச் சோத்துப்பானையைத் திறப்பான். 58 கிலோ இருந்தவன் எட்டு மாசத்துல 77. சாப்பிடாம எடுத்த சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்துருச்சு. எங்க அப்பாவுக்குச் சர்க்கரை, அக்காவுக்குச் சர்க்கரை. இந்த மருந்தை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் குறிச்சு வெச்சுக்கிட்டு மூணு மாசத்துல மறுபடி பார்க்கணும்னு மக சொன்னா. விதை போடுறதுக்கு முன்னாடி மண்ணுப் பரிசோதனை மாதிரின்னு வெச்சுக்குங்க. முதல் கணக்கு கையில இல்லைன்னா, அப்புறம் ஏறினது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?

டவுன்ல இருக்கிறவங்களுக்குச் சட்டுனு தோணாத ஒரு பக்கவிளைவு வெயில். இந்த வகை மருந்துகள் பலதும் உடம்பு சூட்டைத் தாங்கிக்கிற சக்தியைக் குறைக்கும். நடுக்கத்துக்குக் கொடுக்கிற அந்தத் துணை மாத்திரை வேர்வையையும் குறைச்சிடும். ஃபேனுக்கு அடியில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவருக்கு இது பெரிசில்ல. சித்திரை வெயில்ல பெரம்பலூர்க் கரிசல்ல நிக்கிறவனுக்கு உயிர்ப் பிரச்சினை. படுத்து எழுந்திரிச்சா கண்ணு இருட்டும், ரத்த அழுத்தம் இறங்கும். கிணத்து மேட்டுல வேலை பார்க்கிறவனுக்கு அது ஆகுமா? ராத்திரி மும்முனைக் கரண்டு வர்ற நேரத்துக்குத் தண்ணி கட்டப் போறவன், தூக்க மாத்திரை மாதிரி அமுக்குற மருந்தை எட்டு மணிக்குப் போடலாமா, திரும்பி வந்து போடலாமா? அதனால டாக்டர்கள் சீட்டு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்கணும்னு நான் ஆசைப்படுறேன். "என்ன வேலை பார்க்கிறீங்க?" அவ்வளவுதான். பதிலைப் பொறுத்து வேளையாவது மாறும், அளவாவது மாறும்.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2017ல வந்து 2018 மே மாசத்துல இருந்து நடைமுறையில இருக்கிற மனநலப் பராமரிப்புச் சட்டத்துல, என்ன சிகிச்சை, அதோட தெரிஞ்ச பக்கவிளைவு என்னங்கிறதை நோயாளிக்குப் புரியுற மொழியில சொல்லணும்னு இருக்கு. சங்கிலி போடக்கூடாதுன்னும் அதே சட்டம்தான் சொல்லுது. சங்கிலி விசயம் பேப்பர்ல வரும். 'புரியுற மொழியில' விசயம் எந்தப் பேப்பர்லயும் வந்து நான் பார்க்கல. மாத்திரை அட்டைக்குள்ள மடிச்சு வர்ற தாளை விரிச்சா எறும்பு ஊர்ற மாதிரி இங்கிலீஷு.

ஓலான்சபினும் முழுசா உதவல. நல்ல அளவுல, போதுமான காலம் கொடுத்துப் பார்த்தும் குரல் திரும்ப வந்துருச்சு. இப்போ டாக்டர் சொல்றது குளோசபின். ரெண்டு மருந்து கேட்காதவங்களுக்கு அடுத்து அதுதான். அதோட கதையைக் கேட்டா யாருக்கும் முதல்ல பயம்தான் வரும். 1975ல பின்லாந்து நாட்டுல இந்த மருந்து சாப்பிட்ட சில பேருக்கு ரத்தத்துல வெள்ளையணு அடியோட குறைஞ்சு, கிருமி தொத்திச் செத்துப்போனாங்க. பல நாட்டுல நிறுத்தி வெச்சாங்க. அப்புறம் 1988ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்தது. வேற மருந்து எதுக்குமே கேட்காத நோயாளிகளுக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்ததுல, குளோசபின் எடுத்தவங்கள்ல நூத்துக்கு முப்பது பேருக்குத் தெளிவா முன்னேற்றம். பழைய குளோர்புரோமசின் எடுத்தவங்கள்ல நாலே பேர். அதனால ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம்னு திரும்பக் கொண்டுவந்தாங்க. ஒரு விசித்திரம், எந்த பின்லாந்துல ஆட்கள் செத்தாங்களோ அதே நாட்டுல, வருசக்கணக்கா கணக்கெடுத்துப் பார்த்து 2009ல வெளிவந்த ஆய்வுல, மத்த மருந்து எடுத்தவங்களைவிட குளோசபின் எடுத்தவங்கள்ல சாவு குறைவுன்னு வந்துச்சு. தற்கொலையையும் இது குறைக்குதுன்னு தனி ஆய்வு இருக்கு. சாகச் சொல்ற குரல் கேட்கிற பையனுக்கு அது எவ்வளவு பெரிய கனம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இந்தத் தடவை நாலு பேரும் உட்கார்ந்துதான் பேசினோம். அவன், அக்கா, நான், போன்ல என் மக. அக்காவுக்கு ரத்தம் எடுக்கிறதுதான் பெரிய பயம். முதல் 18 வாரம் வாராவாரம், அப்புறம் இடைவெளி கூடும். "வாராவாரம் எடுத்தா உடம்புல என்னடா மிஞ்சும்?" எடுக்கிறது ஒரு ஸ்பூன் அளவுகூட வராது, மறு வாரத்துக்குள்ள ஊறிடும்னு மக சொல்லியும் பாதிதான் சமாதானம். வெள்ளையணு அப்படி அடியோட குறையறது நூத்துல ஒருத்தருக்கும் குறைவு, அதுவும் பெரும்பாலும் முதல் சில மாசத்துல, அதுக்குத்தான் அந்தப் பரிசோதனை. காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தா, கசாயம் போட்டுப் படுக்காம அன்னைக்கே ரத்தம் பார்க்கணும்.

அவன் கேட்டது எச்சிலைப் பத்தி. உண்மையைத்தான் சொன்னோம். குளோசபின்ல எச்சில் ஊறும், ராத்திரி தலையணை நனையும். குறைக்க வழி இருக்கு, எல்லாருக்கும் முழுசா நிக்காது. தூக்கம் அமுக்கும், அதனால ஆரம்பத்துல பைக் ஓட்டக்கூடாது. எடையும் ஏறலாம், ஓலான்சபின் மாதிரியேதான். மலச்சிக்கலைச் சின்ன விசயம்னு விட்டுடக்கூடாது, குடல் அசையாம நின்னு உயிருக்கே வரலாம்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னார். ரெண்டு நாளைக்கு மேல மாத்திரை விட்டுப்போனா விட்ட அளவுலயே தொடரக்கூடாது, டாக்டரைக் கேட்டுச் சின்ன அளவுல இருந்து மறுபடி ஏத்தணும். பஸ் ஸ்டிரைக், தீபாவளி, மழை எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு வாரத்து மாத்திரை கையிருப்பு வேணும்னு நான் நினைக்கிறதுக்குக் காரணம் இதுதான். ஒரு தடவை போன இடத்துல "இன்னைக்கு அந்த மாத்திரை இல்ல, திங்கக்கிழமை வாங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க. சொன்னவருக்கு அது ஒரு வாக்கியம். எங்களுக்குப் போக வர ரெண்டு ஆள் கூலி, பையனுக்கு நாலு ராத்திரி.

யாரும் எதிர்பார்க்காதது பீடி. அவன் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பிடிப்பான். பீடிப் புகை குளோசபினை உடம்புல சீக்கிரம் கரைச்சிடுமாம். அதனால அளவு கூட வேண்டியிருக்கும். சரி, நல்ல பிள்ளையா பீடியைத் திடீர்னு விட்டா? மருந்தோட அளவு ரத்தத்துல ஏறி ஆளை அடிச்சுப் போட்டுடும். விடுறதா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு விடணும். பீடியை விட்டதுக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்கிற ஒரே ஆள் நம்ம பையனாத்தான் இருப்பான்னு சொன்னப்போ, ரொம்ப நாள் கழிச்சு அவன் சிரிச்சான்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவன்தான் சொன்னான். "குரல் போகுமா போகாதான்னு ஆறு மாசம் பார்க்கிறேன் மாமா. போகலைன்னா இந்த எச்சிலும் வேணாம். அப்போ நிறுத்துன்னா டாக்டர் சொல்ற மாதிரி மெதுவா நிறுத்துவோம், துப்ப மாட்டேன்." அக்காவுக்கு 'ஆறு மாசம்'ங்கிற பேச்சே பிடிக்கல. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. குத்தகைக்கு எடுக்கிறவன்கூட ஒரு போகம் பார்த்துட்டுத்தானே சொல்லுவான். டாக்டரும் அது நியாயம்தான்னு ஒத்துக்கிட்டார்.

படிக்கிற உங்கள்ல யார் வீட்டுலயாவது இப்படி ஒரு மாத்திரை மாறப்போகுதுன்னா, சாப்பிடப்போறவரைத் தனியா உட்கார வெச்சு, எதை உங்களால தாங்கிக்க முடியாதுன்னு கேளுங்க. அந்தப் பதிலை டாக்டர் காதுக்குக் கொண்டுபோங்க. வீட்டுல வெச்சு நீங்களே குறைக்காதீங்க, திடீர்னு நிறுத்தாதீங்க. பேச ஆள் இல்லைன்னா 14416க்குப் போன் போடலாம். அரசாங்கத்தோட டெலி மானஸ், ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

எங்க வீட்டுல இப்போ மூணாவது வாரம். 25 மில்லிகிராம் மாத்திரையில பாதியா ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டு வர்றாங்க. பழைய வரவு செலவு நோட்டுல அவனே தினமும் எழுதுறான்: எத்தனை மணிக்கு எழுந்தான், குரல் எத்தனை தடவை, வெளிக்குப் போச்சா, எத்தனை பீடி. முதல் ரெண்டு ரத்தப் பரிசோதனையும் சரியா இருக்கு. குரல் இன்னும் கேட்குது. நாளைக்குச் செவ்வாய், மூணாவது பரிசோதனை. ஆறேகால் பஸ்ஸுக்கு அவங்க ரெண்டு பேரும் கிளம்பணும். ஆட்டை நான்தான் ஓட்டிக்கிட்டுப் போகணும், அதனால இத்தோட நிறுத்திக்கிறேன்.